பசறைப் பக்கத்துக் காகம்

வீரசிங்கம் ஒன்பது காகங்களைச் சுட்டிருந்தான். அத்தனை என்று அவனுக்கே தெரிந்திருக்காது. அவனுடைய தங்கை துஷ்யந்திதான் மேல்மாடி ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றாக எண்ணியவள்.

பதுளை பஜாரில் அவர்களுடைய துணிக்கடை கீழே இருந்தது, வீடு மேலே. கடைக்கு எதிரே ஒரு பழைய மாரா மரம். ஐப்பசி மழை தொடங்கியதும் நாலு திசையிலிருந்தும் காகங்கள் இரவுக்கு அந்த ஒரே மரத்தைத் தேடி வரும். சித்திரையில் தத்தம் கூட்டைக் கட்டிக்கொள்ளப் போனால்தான் மரம் ஓயும். இடையில் ஆறு மாதம் கடைவாசல் முழுக்க எச்சம். தொங்கவிட்ட பள்ளிச் சீருடைகள் மேலும், சேலை கட்டி நிறுத்திய பொம்மைகள் மேலும், படியேறும் வாடிக்கையாளர் தலைமேலும். மரம் நகரசபையுடையது, வெட்ட வழியில்லை. கார்த்திகை மாதம் வீரசிங்கம் எங்கிருந்தோ ஒரு காற்றுத் துப்பாக்கியைக் கொண்டுவந்தான்.

அந்தி நேரம் வியாபாரம் மும்முரமாக இருக்கும். அப்போது அவனால் கல்லாவை விட்டு எழ முடியாது. ஆகவே பகல் சாப்பாட்டுக்கு மேலே வரும்போது சுட்டான். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று, சந்தையில் மீன் குடலும் அழுகிய தக்காளியும் தின்றுவிட்டு மதிலில் வந்து உட்காரும் பகல் காகங்களைச் சுட்டான். மரத்தில் எச்சமிட்டவை எவை, செத்தவை எவை என்று அவன் யோசிக்கவில்லை. விழுந்ததைக் காலைப் பிடித்துத் தூக்கி, கடைப் பெயர் அச்சடித்த பையில் போட்டு முடிச்சுப் போடுவான். ஒன்பதாவது காகம் விழுவதற்குள் சந்தைக் காகங்களுக்கு அவன் முகம் பழகிவிட்டது. அவன் தலை மாடியில் தெரிந்தாலே உயரத்தில் வட்டமிட்டுக் கத்தின. அவன் கீழே இறங்கியதும் அமைதியாக மதிலில் வந்து உட்கார்ந்தன.

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. கோயில் நிர்வாகத்தில் இருப்பவன், சனிக்கிழமை தவறாமல் எள் விளக்கு ஏற்றுகிறவன், சனீஸ்வரன் வாகனத்தைச் சுட்டான் என்று ஊருக்குத் தெரிந்தால் முகம் கொடுக்க முடியாது. படுக்கையில் கிடந்த அம்மா மட்டும் மேலே என்ன சத்தம் என்று ஒருமுறை கேட்டாள். கடை ஷட்டர் என்றான்.

அம்மா ஒன்பது வருடமாகப் படுக்கையில் இருந்தாள். ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. நாக்கும் மற்றக் கையும் விழவில்லை. துஷ்யந்தி கழுவும்போது அந்த நல்ல கையால் அவள் புஜத்தைக் கிள்ளுவாள். சோற்றில் கடைசி மூன்று வாயைத் துப்பிவிடுவாள். துஷ்யந்தி அதை வழித்து ஜன்னல் கம்பி வழியாக வெளிச் சுவரின் விளிம்பில் வைப்பாள். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மழைக்கால அந்தியில் ஒரு காகம் அதைத் தின்ன வந்தது. இடது கால் விரல்கள் நைலோன் நூல் சுற்றிச் சுருண்டுபோன காகம். அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்காலமும் அது வந்தது.

அந்தக் காகத்தைப் பார்க்கத் தொடங்கியதில்தான் அவள் மற்றவற்றையும் கவனித்தாள். செய்வதற்கு வேறு எதுவும் இல்லாத மூலை அறை அது; ஒரு ஜன்னலில் மரம் தெரியும், மற்றதில் மொட்டைமாடியின் பின்மூலையும் தொட்டியும் தெரியும். விடியும்போது மரத்திலிருந்து மூன்று கூட்டங்கள் பிரியும். ஒன்று சந்தைக்கு. ஒன்று ஆற்றோரம் குப்பை கொட்டும் இடத்துக்கு. மூன்றாவது பசறைப் பக்கம், தேயிலை மலைகளுக்கு. அங்கே தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின் வாசல்களில் பகலெல்லாம் பொறுக்கித் தின்னும். மலையில் நாலு மணிக்கே பனி இறங்கிவிடுவதால் மாலையில் முதலில் திரும்புவதும் அந்தக் கூட்டம்தான். அதிலும் முதலாவது சுருண்ட காலுடைய காகம். ஐந்து பத்துக்குப் பின்பக்கத்துத் தொலைபேசிக் கோபுரத்தில் உட்காரும். பிறகு தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் விளிம்பில் அலகை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை தேய்க்கும். பிறகு சோறு இருக்கும் இடத்துக்கு இறங்கும். ஒரு நாளும் இது மாறியதில்லை. வீரசிங்கத்தின் துப்பாக்கியை அது பார்த்ததும் இல்லை; அவன் சுடுகிற நேரத்தில் அது பசறைக்கு அப்பால் ஏதோ ஒரு லயத்துக் கூரையில் இருந்தது.

துஷ்யந்திக்கு முப்பத்தேழு வயது. மடுல்சீமையில் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஜெயரூபன், நாலு வருடங்களுக்கு முன் விளையாட்டுப் போட்டிக்குச் சிவப்புத் துணி எடுக்கக் கடைக்கு வந்தவர். அன்று கல்லாவில் அவள் இருந்தாள். அதற்குப் பிறகு அவர் பாடசாலைக்குத் தேவைப்பட்டதைவிட அதிகமான துணி வாங்கினார். வீட்டில் பேச்சு எழுந்தபோது, லயத்திலிருந்து மாப்பிள்ளை எடுத்தால் எந்த நல்ல குடும்பம் கடைப் படி ஏறும் என்று வீரசிங்கம் கேட்டான். அம்மா கட்டிலிலிருந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"நான் கண்ண மூடுன பொறகு என்னத்தையும் செஞ்சிக்க. அதுவரைக்கும் அசையக் கூடாது."

அவள் அசையவில்லை. மார்கழி பிறந்த மூன்றாம் நாள் அம்மா கண்ணை மூடினாள். சாவு வீட்டுக்கு வந்த ஜெயரூபன் வாசலருகில் நின்று, தன் அம்மா லுணுகலையில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டதாகச் சொன்னார். தை பிறப்பதற்குள் இவள் வீட்டிலிருந்து ஒரு வார்த்தை வராவிட்டால் அதை இனித் தள்ளிப்போட முடியாது. கருமாதிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணனிடம் அந்த வார்த்தையைக் கேட்டு வாங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் காகத்தின் முன்னால் சொன்ன வார்த்தையை அந்த வீட்டில் யாரும் மீறியதில்லை. அப்பாவின் கருமாதியில் படையல் வைத்து அரைமணி நேரமாகக் காகம் வரவில்லை. செத்தவருக்கு ஏதோ குறை என்று ஆளுக்கு ஒரு வாக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவருடைய பழைய தையல் மெஷினை விற்கவே மாட்டோம் என்று வீரசிங்கம் சொன்ன நொடியில் ஒரு காகம் வந்து வடையைத் தூக்கியது. பதினான்கு வருடமாக அந்த மெஷின் கடையின் நட்டநடுவில் நிற்கிறது. வருகிறவர்கள் எல்லாம் முழங்காலை இடித்துக்கொள்கிறார்கள். வீரசிங்கம் அதை ஒரு அங்குலம் நகர்த்தியதில்லை.

பதினாறாம் நாள் பன்னிரண்டரைக்கு மொட்டைமாடியில் தலைவாழை இலை விரித்தார்கள். சோறு, பருப்பு, பூசணிக்காய், பலாக்காய்க் கறி, உளுந்து வடை, பாயசம். வீரசிங்கம் ஈர வேட்டியுடன் இலைக்குப் பக்கத்தில் நின்று கா, கா என்று கூப்பிட்டான். சந்தைப் பக்கத்திலிருந்து இருபது முப்பது காகங்கள் எழுந்து வந்தன. தலைக்கு மேலே வட்டமிட்டன. தொண்டை கிழியக் கத்தின. ஒன்றுகூட இறங்கவில்லை.

உறவுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வராமல் இருந்தாலும் பரவாயில்லை. வந்து, திட்டிவிட்டு, தொடாமல் இருப்பதை யாரும் பார்த்ததில்லை.

"அக்காவுக்குக் கோவம்" என்றார் ராமாமிர்தம். அம்மாவின் தம்பி அவர். எழுபது வயது, சீனி வருத்தக்காரர்; நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் மயங்கிவிடுவார். "என்ன கொறை வச்சீங்கன்னு நீங்கதான்டா சொல்லணும்."

வாக்குகள் தொடங்கின. அம்மாவின் சங்கிலியை மூத்த பேத்திக்கே போடுவதாகச் சொன்னார்கள். கோயிலுக்கு அம்மா பெயரில் குத்துவிளக்கு என்றார்கள். அவளுடைய சேலைகளைத் தோட்டத்து ஆட்களுக்குக் கொடுக்காமல் பத்திரமாக வைப்பதாக வீரசிங்கத்தின் மனைவி சுதர்ஷினி சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் வீரசிங்கம் சரி, சத்தியம் என்று சொல்லிவிட்டு அண்ணாந்து பார்த்தான். காகங்கள் இன்னும் உரக்கக் கத்தின.

அவன் மாடியை விட்டு இறங்கினால் இரண்டு நிமிடத்தில் இலை காலியாகியிருக்கும். அது துஷ்யந்திக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும் என்று அவன் முகத்தைப் பார்த்தபோது அவளுக்குத் தோன்றியது. அவன் ஒரு தடவை அவளைப் பார்த்தான். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டான். கொள்ளி போட்ட மகன் நிற்காமல் படையல் ஏது? இறங்கவேண்டுமென்றால் காரணம் சொல்லவேண்டும்.

அவள் படிக்கட்டு நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அவளுக்கு வேலை எதுவும் இல்லை.

காகம் தொடாமல் வீட்டில் யாரும் சாப்பிடக்கூடாது. இரண்டு மணிக்குக் கூட்டம் கீழே இறங்கிப் பாயில் உட்கார்ந்தது. பிள்ளைகளுக்கு மட்டும் கதவுக்குப் பின்னால் பிஸ்கட் கொடுத்தார்கள். மூன்று மணிக்கு மழை ஒரு தூறல் போட்டுவிட்டு நின்றது. நனைந்த இலையை எடுத்துவிட்டுப் புதிய இலை போட்டார்கள். ராமாமிர்தத்துக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. காலையில் மருந்து போட்டவர், அதற்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை. ஒரு வாய் தேத்தண்ணியாவது குடிக்கச் சொன்னதற்கு, அக்கா பட்டினி கிடக்க நான் குடிப்பேனா என்று கையைத் தட்டிவிட்டார். நாலு மணிக்கு அவரைச் சுவரோரம் படுக்க வைத்தார்கள். உதடு வெளுத்திருந்தது. துஷ்யந்தி அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள். ஒரு வார்த்தையில் அவரை எழுப்பிச் சோற்றின் முன் உட்காரவைக்க அவளால் முடியும். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் ஒரு மணி பத்து நிமிடம்.

ஜெயரூபன் வெள்ளைச் சட்டையுடன் வாசல் பக்கம் தோட்டத்து ஆட்களுக்குப் போட்ட கதிரையில் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரை உள்ளே கூப்பிடவில்லை. அவள் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, ஐந்து மணிக்கு மேலே வரச் சொன்னாள். ஏன் என்று கேட்டார். வாங்க என்று மட்டும் சொன்னாள்.

ஐந்து மணிக்கு எல்லோரையும் அவளே மேலே அழைத்தாள். இருட்டுவதற்குள் இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்ப்போம் என்றாள். மறுத்துப் பேச யாருக்கும் தெம்பு இல்லை. இரண்டு பேர் ராமாமிர்தத்தைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். சந்தைக் காகங்கள் எப்போதோ ஓய்ந்துவிட்டன. வீரசிங்கத்தின் தொண்டை கட்டிப்போய்க் கா என்ற சத்தமே சரியாக வரவில்லை. இந்த நேரத்தில் அவன் எதற்கும் சத்தியம் செய்வான்.

கிழக்கே மலைமேல் பனி இறங்கியிருந்தது. அதிலிருந்து ஒரு புள்ளி வெளிப்பட்டது. பிறகு அது காகமானது. தொலைபேசிக் கோபுரத்தில் ஒரு காலில் பாரத்தைப் போட்டு உட்கார்ந்தது.

துஷ்யந்தி சொல்லவேண்டியதைப் பதினாறு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். 'அம்மா, ஜெயரூபனுக்கே என்னக் கட்டிக் குடுக்குறதா அண்ணன் சத்தியம் பண்றாரு.' ஒரு மூச்சில் சொல்லிவிடக்கூடியது. சொல்லி முடிப்பதும் காகம் இறங்குவதும் ஒன்றாக இருக்கவேண்டும்; இடையில் ஒரு நொடி விழுந்தாலும் யாராவது தற்செயல் என்பார்கள். அப்பாவின் தையல் மெஷினைப் போல, யாரும் வாய் திறக்கமுடியாதபடி இருக்கவேண்டும்.

காகம் தொட்டிக்கு வந்தது. அவள் ஜெயரூபனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கைகூப்பியபடி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தியைத் தவிர. சுதர்ஷினி தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காகம் அலகை ஒரு பக்கம் தேய்த்தது. இன்னொரு பக்கத்துக்காகத் துஷ்யந்தி மூச்சை இழுத்தாள்.

"அத்தே" என்று சுதர்ஷினி நல்ல உரத்த குரலில் ஆரம்பித்தாள். "ஒங்க மக இந்த வீட்ட விட்டு எங்கயும் போக மாட்டா. கல்யாணம் காட்சின்னு யாருக்கும் குடுக்க மாட்டோம். சாகுற வரைக்கும் ஒங்க மகன் சோத்துலயே இருப்பா. இது சத்தியம்."

காகம் அடுத்த பக்கம் அலகைத் தேய்த்துவிட்டு இறங்கியது. இலையின் ஓரத்தில் நொண்டி நொண்டி நடந்தது. சோற்றில் ஒரு கொத்து, பருப்பில் ஒரு கொத்து. பிறகு வடையைக் கவ்விக்கொண்டு மதிலுக்குப் போய், ஆற அமரத் தின்றது.

ஒருவர் ஓவென்று அழுதார். வீரசிங்கம் நெடுஞ்சாண்கிடையாக ஈரத் தரையில் விழுந்து கும்பிட்டான். எழுந்து, கட்டிப்போன தொண்டையால், சரிம்மா, சத்தியம், சத்தியம் என்றான்.

"அக்கா, நீ இதத்தான் கேட்டியா" என்று ராமாமிர்தம் நடுங்கும் கையைத் துஷ்யந்தியின் தலையில் வைத்தார். "பாரு புள்ள. செத்தும் ஒன்னய விட மனசு வரல அவளுக்கு. குடுத்து வச்சவ நீ."

அப்புறம் கீழே எல்லோரும் பசியோடு சாப்பிட்டார்கள். துஷ்யந்தி வாளியும் கரண்டியுமாகப் பரிமாறினாள். தோட்டத்து ஆட்களின் வரிசையில் ஜெயரூபன் இலையின் முன் உட்கார்ந்திருந்தார். அவள் சோறு போட்டபோது இலைமேல் கையை நீட்டி, போதும் என்றார்.

குசினியில் சுதர்ஷினி பாயசத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். துஷ்யந்தி வெற்று வாளியைக் கீழே வைத்தாள்.

"அது தினமும் வர்ற காக்கா, அண்ணி."

"தெரியும். மூணு வருசமா அத்தையோட எச்சிய அதுக்குத்தானே போடுற. ஒனக்கு மட்டுந்தான் கண்ணு இருக்குன்னு நெனச்சியா?"

"அண்ணன் சுட்டதச் சொல்லிருவேன். எல்லாருக்கும் முன்னால."

சுதர்ஷினி கரண்டியை நிறுத்தவில்லை.

"சொல்லு. ஒம்பதா பத்தா? நான் எண்ணல. நீ சொல்லு, அப்பறம் நான் சொல்றேன். இவ தாய் சோத்துல சூது பண்ணப் பாத்தா, அதுக்காகப் பெரியவர் மயங்கி விழுற வரைக்கும் வேடிக்கை பாத்தான்னு. யாரு சொன்னத நம்புவாங்க? இல்ல, ரெண்டு பேரு சொன்னதையும் நம்புவாங்க. நம்பிட்டு ஒன்னய யாரு கட்டுவாங்க?" பாயசத்தை வாளியில் ஊற்றினாள். "சூடு ஆறுறதுக்குள்ள ஊத்திட்டு வா."

துஷ்யந்தி ஊற்றிவிட்டு வந்தாள். கை கழுவப் போன ஜெயரூபனைப் படிக்கட்டுக்கு அடியில், துணிப் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில் மறித்தாள். அவளுக்கு முறையாகச் சொல்ல வரவில்லை. நொண்டிக் கால், பசறைப் பக்கம், ஐந்து பத்து, தொட்டி, அலகு என்று துண்டு துண்டாகச் சொன்னாள். அண்ணி முந்திவிட்டாள் என்றாள். ஒரு நொடிதான் என்றாள். அம்மா கேட்டது அது இல்லை, அம்மா ஒன்றும் கேட்கவே இல்லை என்றாள்.

அவர் கேட்டுக்கொண்டு நின்றார். கை ஈரத்தை வேட்டியில் துடைத்தார்.

"அப்ப எனக்குன்னு வந்திருந்தாலும் இப்படித்தான் வந்திருக்கும்?"

அவள் மேலே இருந்த துணிப் பெட்டியை விரலால் தள்ளி நேராக்கினாள்.

"எங்கப்பா செத்து ஆறு வருசம். ஒவ்வொரு அமாவாசைக்கும் லயத்துக் கூரையில சோறு வச்சிட்டு நிக்கிறேன். அவரு வர்றாருன்னுதான் நிக்கிறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை; வகுப்பில் விளங்காத பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். "எங்கம்மாட்ட நான் என்ன சொல்லட்டும்? அவங்கம்மா வேணாம்னுட்டாங்கன்னா தாங்கிக்கிடும். காக்காவ ஏமாத்தப் பாத்தாங்க, பிசகிப்போச்சுன்னா எப்படிச் சொல்றது?"

"சொல்லாதீங்க. எனக்காக இருங்க."

"ஒரு பெரிய மனுசர் கை நடுங்கிட்டுக் கெடந்தாரு, துஷ்யந்தி. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க நேரம் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

அதற்கு முன் அவர் அவளை ஒருமுறைகூட நீங்க என்று சொன்னதில்லை. குடையை எடுத்துக்கொண்டு, உள்ளே எட்டி வீரசிங்கத்திடம் கிளம்புவதாகச் சொல்லிவிட்டு, கடையின் பக்கக் கதவு வழியாக இறங்கினார். மடுல்சீமைக்குக் கடைசி பஸ் ஆறேகாலுக்கு. எதிரே மரத்தில் மற்றக் கூட்டங்களும் வந்து இறங்கிக்கொண்டிருந்த இரைச்சலில் அவள் கூப்பிட்டது அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. கேட்டிருந்தாலும் அவர் நிற்கவில்லை.

மேலே அவள் திரும்பிவந்தபோது வீட்டில் எல்லோருக்கும் முகம் தெளிந்திருந்தது. ராமாமிர்தம் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். வீரசிங்கம் தங்கையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, இனிமேல் இந்த வீட்டில் அவளை யாராவது ஒரு சொல் சொன்னால் தன்னிடம் சொல்லச் சொன்னான். அவன் உண்மையாகவே அழுதான். அம்மாவின் கட்டளை என்று அவனே நம்பத் தொடங்கியிருந்தான்.

சுதர்ஷினி அம்மாவின் அறை வாசலில் நின்று உள்ளே லைட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பண்டாரவளையில எங்கப்பா ஒத்தையில கெடக்குறாரு. போன மாசத்துலருந்து அவருக்கும் ஒரு பக்கம் கை கால் வரல. பாக்குறதுக்கு ஆளில்ல. ஞாயித்துக்கிழமை வேன்ல கொண்டாந்துடலாம்னு இருக்கோம்" என்றாள். "இந்தக் கட்டிலே போதும். மெத்தைய மட்டும் நாளைக்கு வெயில் வந்தாக் காயப் போட்டுடு. ஆம்பளைத் தேகம், அத்தையவிட கனம். பெரட்டிப் போடுறதுக்குக் கொஞ்சம் கஷ்டமா இருக்கும்."

துஷ்யந்தி உள்ளே போய், கட்டிலின் ஒரு முனையைப் பிடித்து மெத்தையைத் தூக்கிப் பார்த்தாள். பஞ்சு நடுவில் பள்ளம் விழுந்து, அம்மாவின் அளவுக்கு இருந்தது.